பழைய காருக்குப் புதிய பிரேக்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

விரைந்து செல்வதே ஒரு வாகனத்தின் பெருமை என்று பலரும் எண்ணுகின்றனர். கார் வாங்க வருபவர், "எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும்?" என்றுதான் முதலில் கேட்பார். "எத்தனை அடியில் நிற்கும்?" என்று கேட்பவர் அரிதினும் அரிது. ஆயினும் ஓடும் வண்டி வேண்டிய இடத்தில் நின்றால்தான் அதில் உள்ளவர்களும் சாலையில் நடப்பவர்களும் வீடு திரும்புவார்கள். ஆகவே பிரேக் என்னும் கருவியைப் பற்றிச் சிறிது சிந்திப்பது அறிவியல் மாணவர்களாகிய நமக்குப் பொருத்தமே.

நம் நாட்டுச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்த கார் அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் இது உருவாகத் தொடங்கியது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. தொடக்க கால அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். பிற்காலத்தில் வந்த வகைகள் சிலவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. உருவம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பழைய வண்டியை ஆசையோடு வைத்திருப்பவர்கள் புதிய வண்டியின் டிஸ்க்கைக் கழற்றித் தம் வண்டியில் பூட்டிக்கொள்ள விரும்புகின்றனர். இந்த ஆசை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1948-இல் பிறந்த மோரிஸ் மைனர் காருக்கு, 1971-இல் வந்த மோரிஸ் மரீனாவின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்துவது அங்குள்ள பழைய கார் அன்பர்களிடையே பரவலான வழக்கம். மரீனாவின் முன்பக்க அமைப்பு மைனரின் அமைப்பிலிருந்தே வந்தது. அதனால் அது இயன்றது.

பூட்ட முடியும் என்பது ஒன்று. பூட்டியபின் வண்டி ஒழுங்காக நிற்கும் என்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இயற்பியலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரேக்கின் வரலாறு

லூயி ரெனோ என்னும் பிரெஞ்சுக்காரர் இன்றைய வடிவிலான டிரம் பிரேக்கை 1902-இல் உருவாக்கினார். அதே 1902-இல் இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் ஒரே ஆண்டின் குழந்தைகள் என்பது வியப்பன்றோ! ஆனால் டிரம் முந்திக்கொண்டது; டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ அழுத்த பிரேக்கைக் கொண்டு வந்தது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோதுதான் உலகம் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். கார் அதை முன் சக்கரங்களில் ஏந்திப் பொதுமக்களிடம் வந்தது.

நிறுத்துதல் என்றால் என்ன?

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது. ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றலாம். இதை நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். ஓடும் காரின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கச் செய்வதே பிரேக்கின் வேலை.

கணக்குக்கு எளிதாக, ஆட்களுடன் சேர்த்துக் காரின் நிறை 1,200 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். அப்போது இயக்க ஆற்றல் சுமார் 1,67,000 ஜூல். வேகம் 80 ஆனால் இது சுமார் 2,96,000 ஜூல் ஆகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆற்றல் வளரும் என்னும் சிறிய சூத்திரத்துக்குள் எத்தனை உயிர்கள் அடங்கியுள்ளன!

நான்கு டிரம்களிலும் சூட்டை ஏற்கும் இரும்பு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 500 ஜூல் வேண்டும். அப்படியானால் 60 வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் இரும்பின் சூடு 17 டிகிரிதான் ஏறும். இதனால் தீங்கில்லை. ஊருக்குள் ஓடும் காருக்கு நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக்கே போதும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இப்போது அதே காரை உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்குவோம். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம்; மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர். இறக்கம் 1,900 மீட்டர் எனக் கொண்டால் இழக்கும் நிலை ஆற்றல் இரண்டு கோடியே இருபத்து மூன்று இலட்சம் ஜூல். அதாவது 60 வேகத்திலிருந்து 134 முறை நிறுத்துவதற்குச் சமம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி ஒருவர் இறங்குகிறார். காற்று சிறிதும் குளிர்விக்கவில்லை என்று கொள்வோம். 20 கிலோ இரும்பின் சூடு 2,200 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும்! வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். உண்மையில் காற்று குளிர்விப்பதால் உருகுவதில்லை. ஆனால் எத்தகைய சுமையைப் பிரேக்கின் தலையில் ஏற்றுகிறோம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். கியரில் இருக்கும்போது எஞ்சின் அந்தச் சுமையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கிறது.

டிரம்மின் குறையும் டிஸ்க்கின் நிறையும்

டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புக் குண்டான். அதற்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உள்சுவரைத் தேய்க்கின்றன. சுழலும் திசையை எதிர்நோக்கிய ஷூவை டிரம்மே இழுத்துத் தன்னோடு இன்னும் இறுக்கிக்கொள்ளும். இதனால் மிதிக்கும் கால் சிறிது உழைத்தாலும் பலன் பெரிதாகக் கிடைக்கிறது. இது டிரம்மின் சிறப்பு. இதுவே அதன் குறையும் ஆகும். சூட்டினால் லைனிங்கின் உராய்வு சிறிது தளர்ந்தால், தன்னைத்தானே இறுக்கும் பலமும் சேர்ந்து தளர்கிறது. மேலும் சூடான டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் பெடல் கீழே போகிறது. மழைநீர் உள்ளே புகுந்தால் எளிதில் வெளியேறுவதில்லை.

டிஸ்க் என்பது வெளியே காற்றில் சுழலும் தட்டு. காலிப்பர் என்னும் பிடி இருபுறமும் பேடுகளால் அதைக் கவ்வுகிறது. சூடானால் தட்டு தடித்துப் பேடை நோக்கியே வரும், விலகிப் போகாது. நீரைச் சுழற்சியே உதறிவிடும். ஆனால் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் தன்மை இதற்கு இல்லை. முழு அழுத்தத்தையும் நாமே கொடுக்க வேண்டும்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். டிஸ்க் போட்டால் வண்டி பாதித் தூரத்தில் நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு. நொடிக்கு நொடி 6.9 மீட்டர், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு, வேகம் குறைவதாகக் கொண்டால், 60 வேகத்தில் நிற்கும் தூரம் 20 மீட்டர். 80-இல் 36 மீட்டர். ஓட்டுநர் உணர்ந்து மிதிக்க ஒரு நொடி ஆனால் மொத்தம் முறையே 37, 58 மீட்டர். டிரம் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு வலிவாக இருந்தால், தேய்ந்த டயரோடு டிஸ்க்கைப் பூட்டுவதால் இத்தூரம் குறையாது. முதல் நிறுத்தம் எப்படியோ, அப்படியே பத்தாம் நிறுத்தமும் இருக்கும் என்னும் உறுதியே டிஸ்க் தரும் பேறு. எனவே பிரேக்குக்குச் செலவிடுமுன் டயருக்குச் செலவிடுவது அறிவுடைமை.

பாஸ்கல் விதியும் மாஸ்டர் சிலிண்டரும்

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் பிறக்கும் அழுத்தம் நான்கு சக்கரத்துக்கும் செல்வது இவ்விதியால்தான்.

ஒரு கணக்கைக் காண்போம். காலின் விசை 200 நியூட்டன், ஏறக்குறைய 20 கிலோ எடை. பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கி 1,000 நியூட்டன் ஆக்குகிறது. மாஸ்டர் சிலிண்டரின் உள் விட்டம் முக்கால் அங்குலமானால் பரப்பு 285 சதுர மி.மீ.; அழுத்தம் சதுர மி.மீட்டருக்கு 3.5 நியூட்டன். விட்டம் 7/8 அங்குலமானால் பரப்பு 388, அழுத்தம் 2.6 மட்டுமே. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வேறுபாடு. அழுத்தத்தில் கால் பங்குக்கு மேல் இழப்பு!

அப்படியானால் சிறிய சிலிண்டரே சிறந்ததா? பொறுங்கள். காலிப்பர் பிஸ்டன்களின் விட்டம் 54 மி.மீ. என்போம், இரு சக்கரத்துக்கும் நான்கு பிஸ்டன்கள். ஒவ்வொன்றும் கால் மி.மீ. நகர 2,290 கன மி.மீ. திரவம் வேண்டும். சிறிய சிலிண்டர் இதைத் தள்ள 8 மி.மீ. நகர வேண்டும், பெடல் அதில் ஐந்து மடங்கு, 40 மி.மீ. கீழே போகும். பெரிய சிலிண்டரில் பெடல் 30 மி.மீ. போனால் போதும். விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்தே தீர வேண்டும். பின் சக்கர டிரம்முக்கும் திரவம் வேண்டும். டிரம் பிரேக்குக்காக அமைந்த பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டால், தேவையான திரவம் போகுமுன் பெடல் தரையைத் தொட்டுவிடக் கூடும். பெரிய சிலிண்டரைப் போட்டாலோ கால் வலிக்கும். புதிய வண்டிகளில் எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு காலுக்குத் துணை செய்யும் பூஸ்டர் இருப்பது இதனால்தான். டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் ஆகிய நான்கும் ஒரு குடும்பம். குடும்பத்தில் ஒருவரை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தால் வீடு நிலைக்காது.

பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றின் உள்ளே ஒரு சிறு வால்வும் உண்டு. பெடலை விட்ட பின்னும் குழாயில் சிறிதளவு அழுத்தத்தை அது தேக்கி வைக்கும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அதனால் கேடில்லை. டிஸ்க்கில் அத்தகைய ஸ்பிரிங் இல்லை. அந்த வால்வோடு டிஸ்க்கை இணைத்தால் பேடு தட்டை எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் கொதிக்கும்.

முன்னும் பின்னும்

பிரேக் பிடிக்கும்போது நாம் முன்னே சாய்கிறோம். காரின் பளுவும் அவ்வாறே முன்னே சாய்கிறது. அம்பாசடரின் முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 2.46 மீட்டர். ஈர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், நிற்கும் நிலையில் இரு அச்சிலும் 600 கிலோ சமமாக இருப்பதாகவும் கொள்வோம். முன் சொன்ன வேகக் குறைவில் சுமார் 205 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறும். முன் அச்சில் 805. பின் அச்சில் 395. முன் சக்கரங்களே நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்கின்றன. ஆகவேதான் டிஸ்க் முன்னே வருகிறது.

பளு குறைந்த பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம் போல் சுழன்றுவிடும். முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் திருப்ப இயலாதே தவிர, வண்டி நேராகவே செல்லும். இரண்டும் தீமையே, எனினும் முன்னது கொடியது. பூஸ்டர் சேர்க்கும்போது அழுத்தம் முன்னுக்கு மட்டும் கூடுவதில்லை, பின்னுக்கும் கூடுகிறது. பின்னே இருப்பதோ தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் டிரம். எனவே பின் சக்கர அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, அல்லது அளவில் சிறிய பின் வீல் சிலிண்டர் தேவைப்படலாம். புதிய வண்டியில் உற்பத்தியாளர் செய்திருந்த அந்த ஏற்பாட்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

பட்டறையில் கற்றவை

என் தாய்மாமா ஒரு பட்டறையில் பிரேக் வேலை செய்பவர். விடுமுறை நாட்களில் அவருக்கு உதவியாக இருப்பது என் வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே; பாஸ்கல் பெயரை அவர் கேட்டதில்லை. ஆயினும் பெடலில் கால் வைத்தவுடனே, "காத்து நிக்குது தம்பி, இன்னும் நாலு தடவை பிளீட் பண்ணணும்" என்பார். வாயு அழுந்தும், திரவம் அழுந்தாது என்று நான் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் விடை அவருடைய பாதத்தில் இருக்கிறது. "வண்டி ஓடலேன்னா தள்ளிக்கிட்டுப் போயிடலாம். நிக்கலேன்னா ஆளைத்தான் தூக்கிக்கிட்டுப் போகணும்" என்பது அவர் அடிக்கடி கூறும் சொல். அவரிடம் நான் கற்றவற்றில் சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, மரையின் மர்மம். பழைய ஆங்கிலேய வகை வண்டிகளின் பிரேக் குழாய் நட்டுகள் அங்குல மரை கொண்டவை. விட்டம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. புதிய வண்டிகளில் 10 மி.மீ. மெட்ரிக் மரை மிகுதி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அங்குல நட்டு மெட்ரிக் துளையில் சில சுற்று இனிதாக ஏறும்; இறுகியது போலவும் தோன்றும். அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்கும் நாளில்தான் அது பிய்த்துக்கொண்டு வரும். கண்ணை நம்பாமல் மரை அளவுகோலை நம்ப வேண்டும்.

இரண்டாவது, காலிப்பரில் காற்று வெளியேற்றும் நிப்பிள் மேல்நோக்கியே இருத்தல் வேண்டும். இடது காலிப்பரை வலப்பக்கம் பூட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும். எத்தனை முறை பிளீட் செய்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும்.

மூன்றாவது, ரப்பர் ஹோஸின் நீளம். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பியும், ஜாக்கியில் தூக்கியும் இறக்கியும் பார்க்க வேண்டும். இழுபடவும் கூடாது, டயரில் உரசவும் கூடாது. காலிப்பருக்கும் சக்கர ரிம்முக்கும் உள்ள இடைவெளியையும் அவ்வாறே கையால் சுழற்றிப் பார்ப்பது கடமை.

நான்காவது, பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. புதிய டாட் 3 வகையின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் எதிர்பார்க்கப்படும் எல்லை 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இவை 230, 155. மலையிறக்கத்தில் காலிப்பர் சூடேறி உள்ளே ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் தோன்றும்; பெடல் வெறுமையாய்க் கீழே போகும். ஆகவே பழைய ஆயிலை முற்றிலும் வடித்துப் புதியதை ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுவோரும் உண்டு. அது ரப்பர் வாஷர்களை ஊதவைத்து முழு அமைப்பையும் கெடுத்துவிடும்.

சட்டமும் பொறுப்பும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே பெரிய மாற்றம் எதையும் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்து, காப்பீடு செய்த நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுவது நன்று. பழைய இரும்புக் கடையில் வாங்கும் டிஸ்க்கின் தடிப்பை அளந்து, அதில் குறிக்கப்பட்டுள்ள குறைந்த அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தால் விலை மலிவு என்று பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் நேரே நெடுஞ்சாலைக்குச் செல்லலாகாது. நின்ற நிலையில் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது மெல்ல இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. பின்னர் ஆளற்ற சமதரையில் 20, 30, 40 எனப் படிப்படியாக வேகம் கூட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பின் சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்கிறதா, எந்தச் சக்கரமாவது தனியே சூடாகிறதா என்று கவனித்த பின்னரே மற்றவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நம்முள் பலர் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் அல்லர். ஆனால் நாம் அனைவரும் சாலையைக் கடப்பவர்கள். யாரோ ஒருவர் பூட்டிய பிரேக்கை நம்பியே ஒவ்வொரு நாளும் கல்லூரிக்கு வந்து சேர்கிறோம். அவருக்குத் தெரிந்த கைத்திறனோடு நமக்குத் தெரிந்த கணக்கும் சேருமானால் அந்த நம்பிக்கைக்கு வலிமை கூடும். நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் தெருவிலுள்ள பட்டறைக்கு ஒருமுறை செல்லுங்கள். பாஸ்கல் விதி அங்கே எண்ணெய்க் கறை படிந்த கைகளில் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருப்பதைக் காண்பீர்கள். நீங்கள் கற்றதை அங்கே சொல்லுங்கள். அங்கே கற்றதை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள்.